சத்தம் பத்தலை

“சார், சங்கு சத்தம் பத்தலை. கொஞ்சம் ஏத்தி வைங்க.”

போனில் ராஜாமணி அம்மா சொன்ன முப்பத்தொன்றாவது புகார் இது. வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் தானாக ஊதும் சங்கை, சோதனைக்காக ஊருக்கு ஒரு தெருவில் வைத்திருந்தார்கள். கடலூரில் அது இன்ஜினியர் கதிரவன் பொறுப்பு. பேட்டரி இறங்கினாலும், கருவியில் குப்பை அடைத்தாலும் முதல் போன் அந்த அம்மாவிடமிருந்துதான் வரும். சலித்துக்கொண்டே போய்ச் சரிசெய்வான்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி புகார்ப் புத்தகத்தைப் புரட்டினார். திட்டம் இதோடு சரி என்று கதிரவன் நினைத்தான்.

“மத்த ஊர்ல கருவி கெட்டதே யாருக்கும் தெரியல. இங்கதான் ஜனங்க இத நம்பி இருக்காங்க. இன்னும் பத்துத் தெருவுக்குப் போடுங்க” என்றார் அவர்.

ராஜாமணி அம்மாவுக்கு நன்றி சொல்ல ஸ்வீட் பாக்ஸோடு கதிரவன் சங்கு இருந்த தெருவுக்குப் போனான்.

“ராஜாமணியா? அவுங்க வீடு இங்க இல்லீங்களே. பின்னாடி தெரு” என்றார் ஒருவர்.

பின்தெரு பள்ளத்தில் இருந்தது. ராஜாமணி அம்மா கதவைத் திறந்தார். உள்ளே கட்டிலில் நடக்க முடியாத கணவர்.

“சங்கு ஊதுனா, இவர மாடி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக அரை மணி நேரம் கெடைக்கும் சார். காத்து எதுத்து அடிச்சா இங்க கேக்காது. அதான் தெனம் போய் அதப் பாத்துட்டு போன் பண்ணிகிட்டே இருந்தேன். எங்க தெரு சங்கு இல்லையேன்னு திட்டாதீங்க.”

“திட்டவா வந்தேன்? உங்களாலதான் பத்துத் தெருவுக்குச் சங்கு வருதும்மா. மொதக் கம்பம் உங்க வாசல்லதான்.”

அவர் கைகூப்பினார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“சத்தம் ஜாஸ்தியாவே வைங்க சார். அடுத்த தெருவுக்கும் கேக்கணும்.”