ஐந்து ஹோல்டர்கள்

அன்று பட்டறையில் இருந்தது ஐந்து பேர். கை வைத்த ஒரே நாற்காலியில் முதலாளி. கவிழ்த்துப் போட்ட ஆணிப்பெட்டியின் மேல் மேஸ்திரி. அடுக்கியிருந்த பலகைகளின் மேல், பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி. அலுவலக அறையிலிருந்து தூக்கி வந்த முக்காலியில் நான். கம்பெனியின் கடிதங்களை எழுதுவது என் வேலை.

அண்ணன் உட்காரவில்லை. லேத்துக்கு முன்னால் நின்றிருந்தார்.

பத்தொன்பது வருடம் அதே பட்டறையில் மரம் கடைந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் வலது கை நடுங்க ஆரம்பித்தது. ஒருநாள் ஓடுகிற மரத்தில் உளி சிக்கி, தெறித்துப் போய்ச் சுவரில் விழுந்தது. மறுநாளிலிருந்து வீடுதான்.

கடைகிற வேலை இனி கிடைக்காது என்று அவருக்கே தெரியும். அவர் கேட்டது துளை லேத்தை மட்டும். அரங்களுக்குப் போடும் மரப்பிடிகளில் நடுத்துளை போடுகிற வேலை.

"ஓட்டை போட்டாவது லேத்துக்காரனாவே இருந்துட்டுப் போறேன்டா" என்று என்னிடம் சொன்னார். நான் அதை விண்ணப்பமாக்கி, முறைப்படி எழுதி, முதலாளி மேசையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து செய்து காட்டட்டும் என்றார் முதலாளி.

"என்ன தந்தி, சேதி ஏதும் வருதா?" என்றார் மேஸ்திரி. கை ஓயாமல் தட்டிக்கொண்டே இருப்பதால் அண்ணனுக்கு அவர் வைத்த பெயர்.

"வந்தா மொதல்ல உங்களுக்குத்தான் மேஸ்திரி. கெட்ட சேதியா இருந்தா ரெண்டு தடவ சொல்றேன்."

லேத்தின் வால் பக்கம் முன்னும் பின்னும் நகர்கிற டெயில் ஸ்டாக் இருக்கிறது. அதில் துளை முனையைக் கவ்விப் பிடிக்க ஒரே ஒரு சக். ஒரு பிடியை முடிக்க ஐந்து முனைகளை மாற்றி மாற்றி அதில் மாட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் சக்கை இறுக்கும் சாவியை அதன் பக்கவாட்டிலுள்ள சின்ன ஓட்டையில் நுழைத்துத் திருக வேண்டும்.

அண்ணனின் கை அந்தச் சாவியை எங்கெங்கோ கொண்டுபோகும். ஓட்டைக்கு மட்டும் கொண்டுபோகாது.

அதனால் ஏழு மாதம் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, முனைக்கு ஒன்றாக, முனையைப் பொருத்தியே வைத்த ஐந்து ஹோல்டர் செய்தார். வைரம் பாய்ந்த கட்டையை இடது கையால் அராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டெயில் ஸ்டாக்கின் வாயில் கச்சிதமாக உட்காருகிற மாதிரி. தள்ளினால் பிடித்துக்கொள்ளும். பின்னால் திருகினால் கழன்று வரும். சாவியே வேண்டாம்.

அன்று அவற்றை மாட்டி மூன்று பிடிகளுக்குத் துளை போட்டார். முனையை உள்ளே தள்ளும் சக்கரத்தைச் சுற்றுகிற கை நடுங்கியது. உள்ளே போகிற முனை நடுங்கவில்லை.

மேஸ்திரி அளவுக்கம்பியை ஒவ்வொன்றிலும் விட்டுப் பார்த்தார். தந்தி என்று கூப்பிடாமல், "ஏம்பா, நடு சென்டர்ல நிக்குதே" என்றார்.

அண்ணி பலகையிலிருந்து எழுந்துவிட்டாள். இரண்டு வருடமாக அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"ஐயா, இதுல கை நடுங்குனாலும் ஒண்ணுமில்ல, நடுங்காட்டாலும் ஒண்ணுமில்ல. லேத்துப் பக்கமே போகாத நானே போடுவேன், பாக்கறீங்களா?"

யாரும் வேண்டாம் என்று சொல்வதற்குள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றுவிட்டாள். அண்ணன் பக்கத்தில் நின்று ஹோல்டர்களை வரிசையாக எடுத்துக் கொடுத்தார். ஐந்தும் உள்ளே போய் ஐந்தும் வெளியே வந்தன. மேஸ்திரி கம்பியை விட்டுப் பார்த்து, வாயைப் பிதுக்கித் தலையாட்டினார்.

எல்லோரும் சிரித்தோம். அண்ணன்தான் அதிகமாகச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு.

முதலாளி சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாள் பழகினம்மா?"

"பழகவே இல்லீங்கய்யா. இன்னைக்குத்தான் தொடறேன்" என்றாள் அண்ணி, பெருமை தாங்காமல்.

மறுநாள் காலை முதலாளி என்னைக் கூப்பிட்டு, நின்றபடியே இரண்டு வரி சொன்னார். நான் ஒன்று கேட்டேன். "எனக்கு ஒரு லேத்துக்கு ஒரு ஆள் போதும்பா" என்றார்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். கடித எண் போட்டேன். தேதி போட்டேன். பொருள்: துளை லேத்துக்கு ஆள் நியமித்தல் தொடர்பாக. பார்வை: தங்கள் இல்லத்திலிருந்து வந்த விண்ணப்பம்.

'மதிப்பிற்குரியீர், ஞாயிறன்று தாங்கள் செய்துகாட்டிய வேலை திருப்தியாக இருந்தது. வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தாங்கள் பணியில் சேரவும். ஐந்து ஹோல்டர்களையும் தவறாமல் உடன் கொண்டு வரவும்.'

எழுதி முடித்துப் பிழை பார்த்தேன். பிழை இல்லை.

தாங்கள் என்கிற சொல்லில் ஆணும் கிடையாது, பெண்ணும் கிடையாது. இத்தனை வருடம் எழுதியும் அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன்.

அண்ணன் இனி தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பார். வாங்கியதும் அங்கேயே பிரித்துவிடுவார். கடிதத்தை ஒருமுறை படிப்பார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு முறை படிப்பார்.

உறையைத் திருப்பி விலாசம் எழுதினேன். வீட்டு எண், தெரு, ஊர். கடைசியாக, மேலே விட்டிருந்த இடத்தில், முதலாளி சொன்னபடி அண்ணியின் பெயரை எழுதினேன்.

மடிப்பு முழுக்கப் பசை தடவி ஒட்டி, தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.