ஃபரிதாபாத் போகணும்

1996 டிசம்பர். வெளிநாட்டில், மங்கரே என்ற ஊரின் கார்கோ ஆபீசில் லீவு ஃபாரம் எழுதிக்கொண்டிருந்த நிர்மலாதேவியிடம் பக்கத்து சீட் ஸ்வர்ணா கேட்டாள்.

"டெல்லி வரைக்கும் போறீங்க, தாஜ்மகால் பார்க்கலையாக்கா? ஃபரிதாபாத்ல வெறும் ஃபேக்டரிதானே இருக்கு?"

"அங்க டிராக்டர் கம்பெனில இருந்த ஒருத்தர், மதுரைல இருந்த எனக்கு வாராவாரம் லெட்டர் போடுவார். பக்கம் பக்கமா எழுதுவார். குவார்ட்டர்ஸ் கிடைச்சதும் கூட்டிக்கிறேன்னு சொன்னார். கடைசிவரைக்கும் கிடைக்கல. அந்த இடத்தை ஒரு தடவையாவது பார்க்கணும்."

ஸ்வர்ணா குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"சொன்னேன். போயிட்டு வான்னுட்டார்."

"லெட்டர் போட்டவர் இப்ப எங்கக்கா இருக்கார்?"

"அவர்தான் என் வீட்டுக்காரர். இந்நேரம் டிவி பார்த்துக்கிட்டிருப்பார்," என்றாள் நிர்மலாதேவி. "இந்த ஊருக்கு வந்ததுல இருந்து என்கிட்ட சேர்ந்தாப்ல நாலு வார்த்தை பேசுறதில்ல."