ஊதுபத்திப் புகை

வேப்பமர நிழலில் நின்ற என் காரின் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, ஏசி காற்று வரும் துவாரத்துக்கு நேரே ஊதுபத்தியைப் பிடித்தார் மெக்கானிக் பீர்முகமது பாய். எந்த வண்டியானாலும் அவருக்குப் புகையைப் பார்த்தாக வேண்டும். புகை உள்ளே போனது. பிறகு மெதுவாக வெளியே வந்தது. மறுபடியும் உள்ளே போனது.

“கேஸ் கம்மியா பாய்?”

“கேஸ் சரியாத்தான் இருக்கு சார்.”

“அப்போ ஃபேன்ல கோளாறா?”

அவர் தரையில் விரித்திருந்த சாக்கைக் காட்டினார். கழற்றிய ஃபேன் அதன்மேல் கிடந்தது. வண்டிச் சாவியும் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

பின்சீட்டில் என் நாலு வயது மகள் நிலானி தூங்கிக்கொண்டிருந்தாள். புகை உள்ளே போகும்போது அவள் நெஞ்சு ஏறியது, வெளியே வரும்போது இறங்கியது. ஒரு தடவைகூட மாறவில்லை. நான் கதவுப் பிடியில் கை வைத்தேன். பாய் என் மணிக்கட்டைப் பற்றினார். அவர் கை ஜில்லென்றிருந்தது. என் காரில் இரண்டு மாதமாகக் கிடைக்காத குளிர்ச்சி.

“எழுப்பிடாதீங்க சார். பாப்பா மூச்ச வண்டி விடுதா, வண்டி மூச்ச பாப்பா விடுறாளான்னு முதல்ல தெரியணும்.”

புகை உள்ளே போனது. அது வெளியே வருவதற்காக இருவரும் காத்து நின்றோம்.