நாலாவது கன்று

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவள் பூவுக்குள் பார்த்தாள்.

பால்.

இன்னொரு பூ. அதுவும் பால்தான். ஓரத்தில் ஒன்றிரண்டு துளிகள் மட்டும் தேன் நிறத்துக்குத் திரும்பியிருந்தன.

மற்றக் கண்ணில் நகைக்கடைக்காரர் இடுக்கும் சின்னக் கண்ணாடி. தாலிக்கொடியை நிறுத்த அன்றுகூட அவள் இவ்வளவு குனிந்து பார்த்ததில்லை.

கஞ்சாப் பூவில் ஒட்டிக்கிடக்கும் பிசின் துளிகள் முதலில் கண்ணாடி மாதிரி இருக்கும். பிறகு பால். பிறகு தேன்.

பாலில் வெட்டினால் வலி பாதி போகும். ஆள் முழுசாய் இருப்பார்.

தேனில் வெட்டினால் வலி முழுசாய்ப் போகும். ஆளும் கூடவே போய்விடுவார்.

இரண்டுக்கும் இடையில் ஒரு கிழமை, ஏழு நாள், இருந்தால் பெரிய காரியம்.

அவளுக்குப் பின்னால், பின்வளவுக் கதவோரம், அவள் மனுசன் கதிரையில் இருந்தார். புற்று முதுகெலும்புக்குள் இறங்கிய பிறகு எந்தக் கதிரையும் அவருக்குச் சரிவருவதில்லை. கடைசியாகப் போனபோது டொக்டர் காலநிலையைப் பற்றிக் கதைத்தார், பேத்தியைப் பற்றிக் கதைத்தார். அடுத்த வருசத்தைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

வீட்டுக்கு நாலு கன்று வளர்க்கலாம் என்று கனடா அரசாங்கம் சொல்லியிருந்தது. கோயில் ஆட்கள் கேட்டால் மருந்துச் செடி என்பாள். பொய் இல்லை. மணத்துக்குத்தான் அவளிடம் பதில் இல்லை.

போன வருசம் எப்போது வெட்டுவது என்ற தீர்ப்பு அவருடையது.

ஊரில், ஏழாலையில், புகையிலை நட்ட குடும்பம். இலையை இரண்டு விரலால் மடித்துப் பார்த்தார். "பழுக்கட்டும். மடிச்சால் சடக்கெண்டு முறியவேணும்."

இலை பழுத்தது. சடக்கென்று முறிந்தது. புகையிலையாக இருந்திருந்தால் முதல் தரம்.

பூவைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. புகையிலைக்காரனுக்குப் பூ என்றால் கிள்ளி எறிகிற சாமான். கிள்ளாமல் விட்டாரே, அது பெரிய மனசு.

எல்லாம் தேனாகிவிட்டிருந்தது.

அந்தப் பனி மாரி முழுக்க அவர் நித்திரை. முனகல் இல்லை, வியர்வை இல்லை. பனி கொட்டியது. கரைந்தது. அவருக்குத் தெரியாது. நத்தார்ப் பண்டிகைக்கு மகள் வந்து பேத்தியை அவர் மடியில் வைத்தாள். கண்ணைத் திறந்தார்.

"தோட்டத்துத் தண்ணிப் பம்பை நிப்பாட்டியாச்சோ?"

கண்ணைத் திரும்ப மூடிவிட்டார்.

அவள் மாரி முழுவதும் சுவரோடு கதைத்தாள். சுவர் எல்லாவற்றுக்கும் சம்மதித்தது. அப்படி ஒரு துணை எதிரிக்கும் வேண்டாம்.

"என்னவாம்?" என்றார் கதிரையிலிருந்து.

"இன்னும் ஒரு கிழமை விடலாம்."

"இண்டைக்கு உறைபனி எண்டு ரேடியோவில சொன்னவங்கள்."

"மூடிவிடுவன்."

அவர் முதுகை ஒருபக்கம் சாய்த்தார். அது சரிவரவில்லை. மற்றப் பக்கம் சாய்த்தார்.

"பவளம், பால் எண்டால் வெட்டு. நாலையும்."

அவள் நிமிர்ந்தாள். சுன்னாகம் சந்தை வெங்காயக் கடைக்காரரின் மகள். கேட்ட விலைக்கு எதையும் எடுத்ததில்லை. இந்த மனுசனைக்கூட அவள் அப்பா சீதனத்தில் ஒரு வளவுக் காணியைக் குறைத்துத்தான் எடுத்தார்.

"நோவு தாங்கமாட்டீங்கள்."

"தாங்கினால் தாங்கிறன். இல்லாட்டிக் கத்திறன்."

"கத்த மாட்டீங்கள். தலையணையைத்தான் கடிப்பீங்கள். எனக்குக் கேக்காது எண்டு நினைப்பு."

அவர் கம்பளியைக் கால்மேல் இழுத்துவிட்டார்.

"ஒண்டு வெட்டுறன்," என்றாள்.

"நாலு."

"ரெண்டு. அதுக்கு மேல கதைக்காதேங்கோ."

"போன மாரி உன்னோட ஒரு சண்டை பிடிச்சனானே? ஒண்டு. சொல்லு பாப்பம்."

அவள் யோசித்துப் பார்த்தாள்.

"நித்திரை கொள்ளுறதுக்கு இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை," என்றார். "அது ஏழாலையிலயும் கொள்ளலாம்."

பேரத்தில் முதலில் கண்ணைத் தாழ்த்துகிறவர் இறங்கப்போகிறார் என்று அர்த்தம். அவள் கண்ணாடியைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"மூண்டு."

சந்தையில் வளர்ந்தவளோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியவர். எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்பது அவருக்கும் படிந்திருந்தது.

"சரி," என்றார்.

அவள் மூன்றையும் அடியில் வெட்டினாள். கத்தரிக்கோல் ஒட்டியது, விரல் ஒட்டியது, நெற்றி மயிரை ஒதுக்கியபோது அதுவும் ஒட்டியது. "வைகாசி மாம்பழம் திண்ட பிள்ளை மாதிரி நிக்கிறாய்," என்றார். "வாயை மூடிக்கொண்டு இருங்கோ," என்றாள். அவருக்கு அது பிடித்திருந்தது. கொப்புகளைக் கொண்டுபோய்க் கராஜுக்குள் தலைகீழாய்க் கட்டித் தொங்கவிட்டாள்.

திரும்பி வந்தபோது வெயில் வேலிக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

நாலாவது கன்றைச் சுற்றித் தடி நட்டாள். பழைய நூல் சீலை ஒன்றை மேலே விரித்தாள். ஓரங்களுக்கு உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளைப் போட்டாள்.

"அது என்னத்துக்கு?" என்றார்.

அவள் இன்னொரு கிளிப்பை எடுத்தாள்.

"அது தேனாகட்டும்."

"ம்."

"பிறகு தேவைப்படும்."

காற்று சீலைக்குள் புகுந்து அதை ஒருமுறை ஊதியது. விட்டது. அவர் அந்தக் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்காமல் சீலையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள்.

"உந்தச் சீலை குளிருக்குக் காணாது," என்றார்.

கால்மேல் கிடந்த கம்பளியை உருவி அவளிடம் நீட்டினார்.