ராக்கம்மா கடைத் தோசைக்கல்

தலைமையாசிரியர் ஹேமநாதன் கோலா பிலாவுக்குக் கிளம்பியது தோசை தின்னத்தான் என்று அவர் மனைவி மோகனா நினைத்திருந்தாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, காரின் பின்பக்கத்தில் சாக்கில் சுற்றிக் கிடந்தது.

அவர் படித்த ஊர் அது. கல்லூரி விடுதியை விட்டு இறங்கினால் ரப்பர் பால்மரத் தோட்டம். தோட்டத்து முனையில் ராக்கம்மா அக்கா கடை. விடுதிச் சாப்பாட்டில் செத்த நாக்குகளுக்கெல்லாம் அங்கேதான் உயிர் வரும். முறுகலாக ஒரு தோசை, மேலே நெத்திலிச் சம்பல். முப்பது வருடம் ஆகியும் நினைத்தாலே கண் கலங்கிவிடும் மனிதருக்கு.

வீட்டில் எல்லாம் செய்து பார்த்தாயிற்று. அதே அரிசி, அதே உளுந்து, அதே நெத்திலி. மாவாட்டி ஓய்ந்துபோன மோகனா, "பேசாம அந்த அக்காவையே கூட்டியாந்து வச்சுக்குங்க லா!" என்று கரண்டியை வீசிவிட்டாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விஷயம் மாவில் இல்லை, கல்லில் இருக்கிறது! அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுப்பை விட்டு இறங்காத கல்.

கேட்டால் கொடுப்பாளா? சோறு போடுகிற கல்லை யார் கொடுப்பார்கள்? ஆகவே திருட்டுதான். ஆனால் ஹேமநாதன் நியாயமான திருடர். சிரம்பான் பாத்திரக்கடையில் அதே அளவில் புதுக் கல் ஒன்று வாங்கியிருந்தார். எடுத்த இடத்தில் இதை வைத்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று மனசாட்சியைத் தட்டிக்கொடுத்தார்.

மனசாட்சி அடங்கவில்லை. அடுத்த மாதம் அவருக்கு நல்லாசிரியர் விருது. மாட்டினால் விருதும் போச்சு, மானமும் போச்சு. போதாததற்கு வார்டன் புனிதன் சாரின் குரல் வேறு காதில் கேட்டது. மாணவனாக இருந்தபோது விடுதிச் சமையற்கட்டில் ஒரு கரண்டியைச் சுட்டதற்காக, கொடிக்கம்பத்தடியில் நிற்க வைத்து, "இன்னிக்குக் கரண்டியத் தூக்குனவன் நாளைக்கு அண்டாவத் தூக்குவான்!" என்று ஊரே கேட்கக் கிழித்தவர் அவர்.

"அடடே, காலேஜ் தம்பியா? எளைச்சிட்டீங்களே, உக்காருங்க!" என்றாள் ராக்கம்மா. முடிதான் நரைத்திருந்தது. கை அதே கை.

முதல் தோசையிலேயே ஹேமநாதன் சொக்கிப் போனார். அதே சுவை! "இன்னொண்ணு போடவா தம்பி?" என்று அவள் கேட்கக் கேட்க, வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. குற்ற உணர்ச்சி இருந்தது, பசியும் இருந்தது.

வியாபாரம் முடிந்ததும் கடைசித் தோசையைத் தோட்டத்து முனியாண்டிக்குப் படைப்பது அக்காவின் வழக்கம். அன்றும் இலையோடு கிளம்பினாள்.

"தம்பி, செத்த கடையப் பாத்துக்குங்க. இந்தா வந்துர்றேன்."

பார்த்துக்கொண்டார். அவள் தலை மறைந்ததும் சாக்கைக் கொண்டுவந்தார், சுடச்சுடக் கல்லைச் சுருட்டினார், புதுக் கல்லை அடுப்பில் வைத்தார், காரை முடுக்கினார்.

ரெம்பாவ் சாலையில் பாதி தூரம் வந்தபிறகுதான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது. பாத்திரக்கடைக்காரன், "பேர் வெட்டணுமா சார்?" என்று கேட்டிருந்தான். நம் ஆட்கள் ஒரு டம்ளர் வாங்கினால்கூடப் பேர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டு போவதுண்டா? பழக்கதோஷத்தில் இவரும் தலையை ஆட்டி, முழுப் பெயரையும் பதவியையும் சொல்லித் தொலைத்திருந்தார்.

கல்லின் பின்னால் 'தலைமையாசிரியர் ஹேமநாதன்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. திருடிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த திருடன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று நொந்தபடி காரைத் திருப்பினார்.

கடையில் ராக்கம்மா, கட்டைப் புகையில் புதுக் கல்லைக் காட்டி, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல் அதற்குள் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"வாங்க, ஹேமநாதன் தம்பி! ஒங்க முழுப் பேரு இன்னிக்குத்தான் தெரிஞ்சிச்சி."

"அக்கா, மன்னிச்சிருங்க! ஒங்க பழைய கல்லு வெளிய நிக்கிற காடியிலதான் இருக்கு. கொண்டாந்து குடுத்துர்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!"

"பழைய கல்லா?" ராக்கம்மா சிரித்தாள். "அது போயி எத்தனையோ வருஷமாச்சு லா. ஒங்க காலேஜ் பையன் ஒருத்தன் புதுசு ஒண்ண வச்சிட்டு அதத் தூக்கிட்டுப் போனான். புதுச நான் இப்பிடித்தான் கருக்கி எடுத்தேன். அதயும் இன்னொருத்தன் வந்து மாத்திட்டான். அதுலேர்ந்து நான் கல்லே வாங்கறதில்ல. படிச்ச புள்ளைங்க யாராச்சும் கொண்டாந்து வச்சிடுறீங்க. நீங்களும் மாத்திக்கட்டும்னுதான் இன்னிக்கு முனியாண்டிகிட்ட கொஞ்சம் கூடுதலா நின்னேன்."

"அப்ப... நான் எடுத்தது?"

"அது போன மாசத்துக் கல்லு. வயசான ஐயா ஒருத்தர், தடி ஊணிக்கிட்டு வந்து மாத்திட்டுப் போனாரு. அடியில கரியச் சொரண்டுங்க, பேரு இருக்கும்."

காருக்கு ஓடினார். கல்லைக் கவிழ்த்துச் சாவியால் கரியைச் சுரண்டினார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

'அ. புனிதன், விடுதி வார்டன் (ஓய்வு).'