ஐஸ் கம்பெனியில் நின்ற படகு

"இப்பல்லாம் எவன் கண்ணால பாக்குறான்? டப்பா சொல்றதுதான் வேதம்! படகு இந்தா கட்டிக் கெடக்கு. ஒன் டப்பா, அது ஐஸ் கம்பெனில நிக்குதுங்குது. நான் ஐஸ் சொல்லப் போனா, படகும் என் பின்னாலயே வந்துச்சாக்கும்?"

சந்தனராஜ் இப்படிக் கேட்டதற்கு மருமகள் சோபியா சிரிக்கவில்லை. ஜெகதாப்பட்டினம் இறங்குதளத்தில், அவருடைய விசைப்படகின் கேபினுக்குள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். டப்பா என்று அவர் சொன்னது, படகு கடல் எல்லையை நெருங்கினால் கூவி எச்சரிக்கும் கருவியை. அது அனுப்பும் சேதியைத் திரைக்குக் கொண்டுவரும் டிரைவர் நிரலை 'சி' கணினி மொழியில் எழுதியவள் அவள்தான்.

விடிந்தால் அவள் புருஷன் லியோ கடலுக்குப் போகிறான். போன வருஷம் எல்லை தாண்டினான் என்று இலங்கைக் கடற்படை பிடித்துப் போய், அவன் திரும்பி வருவதற்குள் அவள் பாதியாகிவிட்டாள்.

"கண்டுபிடிச்சிட்டேன் மாமா! ஒவ்வொரு டப்பாவுக்கும் மெமரியில தனித்தனி ரூமு குடுக்கணும். டப்பா நிக்கிற எடம் அந்த ரூமுலதான் இருக்கும். நான் ஒரே ரூமத்தான் வச்சிருக்கேன். இன்னொரு டப்பா வந்தா, மொத டப்பாவோட எடத்த அழிச்சிட்டுத் தன் எடத்த எழுதிரும். அதான் ஸ்க்ரீன்ல புள்ளி அங்கயும் இங்கயும் குதிக்குது."

"ஒன் கல்யாணத்துல ஒங்கப்பாரு எங்க சனம் அத்தனைக்கும் ஒரே ரூமு போட்டாரே, அந்த மாதிரி. பரம்பரைப் புத்தி."

"அத இன்னும் விடலையா நீங்க? ஆனா, படகுல ஓடுறது ஒரு டப்பாதானே?"

"படகுல ஒண்ணே ஒண்ணுதான் ஆத்தா இருக்கு" என்றார் அவர், கடலைப் பார்த்தபடி.

வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் புது அறை ஒதுக்கும்படி நிரலை மாற்றி ஓடவிட்டாள். திரையில் குதியாட்டம் நின்றது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள்.

"மொதல்ல குதிச்சிச்சு, இப்பக் குட்டி போட்டிருச்சா? இத நம்பியா எம்மவன அனுப்பச் சொல்ற? கழட்டிக் கடல்ல போடு!"

படகிலிருந்து குதித்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

திரையில் ஒரு புள்ளி அசையாமல் படகிலேயே நின்றது. மற்றொன்று இறங்கி, டீக்கடைப் பக்கம் நடந்தது.

"மாமா! அணைச்சுப் படகுல வைக்கச் சொல்லிக் குடுத்த ஸ்பேர் டப்பா எங்க?"

"படகுல வச்சா எவனாவது லவட்டிட்டுப் போயிருவான்!" திரும்பாமலே மடியைத் தட்டிக் காட்டியபடி நடந்தார் சந்தனராஜ். "அதுக்காக ஒன் டப்பாவ நான் நம்பிட்டேன்னு நெனைக்காத!"