பதினேழு கையெழுத்து

“டீச்சரம்மா, நீங்க எழுந்துக்கவே வேண்டாம். படுத்த இடத்துலேர்ந்தே பாருங்க” என்று கூடைக்காரம்மா தன் சிலேட்டைக் கட்டில் பக்கம் நீட்டினார்.

சிலேட்டில் அவர் பெயர் கோணல்மாணல் இல்லாமல் நின்றது. அவருக்குப் பின்னால் வாசல் வரைக்கும் வரிசை. ஆற்றங்கரையில் மொத்தம் பதினேழு வீடு. வீட்டுக்கு ஒருவராகப் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பியிருந்தார்கள். போவதற்கு முன் டீச்சரிடம் ஒருதரம் எழுதிக் காட்டிவிட்டுப் போகவேண்டும் என்று ஆசை.

டீச்சருக்கு மூன்றாம் நாளாகக் காய்ச்சல். இரண்டு கம்பளிக்குள்ளேயும் பல் தந்தியடித்தது. தகரக் கூரையில் மழை வேறு விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. இருந்தாலும் ஒவ்வொரு சிலேட்டாகப் பார்த்துத் தலையாட்டினார்.

கடல் தாண்டி, சம்பளம் வாங்காமல், சபையின் ஊழியமாக வந்தவர். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதலில் கையெழுத்து, வாசிப்பெல்லாம் அப்புறம் என்பது அவர் போட்ட திட்டம். சபைக்கு அனுப்புகிற மாத அறிக்கையிலும் கையெழுத்துக்குத்தான் கட்டம் இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கட்டத்துக்காக மட்டும் அவர் மாடாக உழைக்கவில்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இந்த ஜனங்கள் முன்னால் கைநாட்டுக்கு மசி டப்பாவை நாய்க்குத் தட்டைத் தள்ளுவதுபோல் தள்ளுவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

வரிசையில் கடைசி ஆள் ‘அவசரம்’. அது பட்டப்பெயர், ஓர் எழுத்துக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்ட பெரியவர்.

“நீங்களும் தயாரா ஐயா?”

“நாலு நாளா மண்ணுல எழுதி எழுதிப் பார்த்தேன்மா. பொண்டாட்டி பெருக்கவே விடலைன்னு திட்டறா. ஆனா கை பழகிடுச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சருக்கு மட்டும் மனசு ஒரு நிலையில் இல்லை. “கையெழுத்துப் போடப்போற காகிதத்தைக் கம்பெனி ஏஜெண்டு கண்ணுலயாவது காட்டினாரா?” என்று கேட்டார்.

“கேட்டோம். ஆபீஸ்ல இருக்கு, அங்க பார்த்துக்கலாம்னுட்டார். ஆத்தோரமா ஒரு பாதை போடணுமாம், அவ்வளவுதானாம்” என்றார் கூடைக்காரம்மா.

போன வருடமும் இப்படித்தான். கரையில் ஓட்டல் கட்ட அலைந்துகொண்டிருந்த கம்பெனியின் ஏஜெண்டு, வடிகாலுக்கு இடம் என்று சொல்லி எல்லாரையும் அழைத்துப் போனார். டீச்சரும் கூடப் போயிருந்தார். பதிவு அதிகாரி மசி டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, சட்டப்படி ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். மூன்றாம் பக்கத்தில் ‘வீடு, கிணறு உட்பட மொத்த நிலமும்’ என்று வந்ததோ இல்லையோ, பதினேழு பேரும் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஏஜெண்டு வெகுநாள் தலை காட்டவில்லை. பிறகு ஒருநாள் வாயெல்லாம் பல்லாக வந்தார். பள்ளிக்கு இரண்டு பெட்டி சிலேட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்தார். படிப்பு எப்படிப் போகிறது என்று வாரம் தவறாமல் விசாரித்தார். மனுஷன் திருந்திவிட்டார் என்று டீச்சர் அவரையும் தன் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார்.

“அங்க வாசிச்சுக் காட்டறப்ப காதைத் தீட்டி வெச்சுக்கங்க. பாதையைத் தவிர வேற ஏதாவது வந்தா, பேசாம எழுந்து வந்துடுங்க” என்றார் டீச்சர்.

“போன தடவை வரலையா என்ன? நீங்க கஞ்சியைக் குடிச்சுட்டுத் தூங்குங்க.”

அவர்கள் போனபின் டீச்சர் தூங்கவில்லை. கூடப் போக முடியவில்லையே என்று காய்ச்சலைச் சபித்தார். அதிகாரிதான் வாசிக்கப்போகிறாரே என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். போன தடவை வாசிப்பு பாதிக்கு வருவதற்குள்ளேயே பொழுது சாய்ந்துவிட்டது. இன்றைக்கும் சாயங்காலம் ஆகிவிடும்.

ஆனால் மதியச் சாப்பாட்டு வேளைக்கே வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. தொப்பலாக நனைந்து வந்திருந்தார்கள். அவசரம்கூட எல்லாருக்கும் முன்னால் நின்றார்.

“பத்தே நிமிஷம் டீச்சரம்மா. மசி டப்பாவை மேசைமேலயே வைக்கலை. எல்லாருக்கும் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாங்க” என்றார் அவர்.

கூடைக்காரம்மா மடியிலிருந்து பிளாஸ்டிக் உறையைப் பத்திரமாக எடுத்து நீட்டினார். “நகல் குடுத்தாங்க. எங்க கையெழுத்தெல்லாம் எப்படி விழுந்திருக்குன்னு பாருங்க.”

டீச்சர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். வீடு, கிணறு, இடுகாடு, ஆற்றங்கரை வரை மொத்த நிலமும். குடியிருப்போர் முப்பது நாளில் காலி செய்யச் சம்மதம். கீழே பதினேழு பெயர்கள், அவர் சொல்லிக்கொடுத்த அதே சாய்வில், ஒரு பிழை இல்லாமல்.

அவர் கம்பளியைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

“அக்கா, ஆபீசர் இதை வாசிச்சப்ப ஒருத்தர் காதுலயும் விழலையா?”

“அவர் வாசிக்கவே இல்லையே.”

“வாசிக்காம எப்படி? போன தடவை வாசிச்சாரே. நீங்க கேக்கலையா?”

“கேக்காம இருப்போமா?” கூடைக்காரம்மா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே பெருமையாக நிமிர்ந்தார். “கைநாட்டுக்காரங்களுக்குத்தான் வாசிச்சுக் காட்டணும்னு சட்டமாம் டீச்சரம்மா. நாங்கதான் கையெழுத்துப் போடறவங்களாச்சே.”